இனிஷியல் இல்லாதவர்கள்

கோவை வட்டாரத்தில் பஞ்சு விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று யாரும் பேசுவதில்லை. கேண்டிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஒரு கேண்டி 356 கிலோ. லாரியில் வந்து இறங்குவதோ பேல். பேலுக்கு 170 கிலோ என்பது பொதுக் கணக்கு. விலை ஓர் அளவில், சரக்கு இன்னோர் அளவில், எடை மேடைச் சீட்டு கிலோவில். இந்த மூன்றையும் முடிச்சுப் போடும் கணக்கு, பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் கொள்முதல் நிரலில் ஒரே வரியாக இருந்தது: கேண்டி விலையை 356ஆல் வகுத்து நிகர எடையால் பெருக்கு. அதை எழுதியவர் ஆலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அவருக்குப் பின் அந்த வரியை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை.

2018இல் அந்தத் தேவை வந்தது. ஆலையின் சர்வர் பழையதாகிவிட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்த ஆரக்கிள் 10ஜி பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்திருந்தது. புதிய சர்வர் என்றால் புதிய பதிப்பு, அதற்குப் புதிய உரிமம். நிர்வாகத்துக்கு வந்திருந்த அடுத்த தலைமுறை எல்லாவற்றையும் யோசித்து, கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தது. பஞ்சுக் கொள்முதல், கோடவுன் இருப்பு, நூல் விற்பனை, மூன்று ஷிப்டுகளின் வருகைப் பதிவு, சம்பளம், வருங்கால வைப்பு நிதி என்று ஆலையின் கணக்கு முழுவதும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தது. அதை இடம் மாற்றும் பொறுப்பு கோவையில் நான் வேலை பார்த்த சிறிய மென்பொருள் குழுவுக்கு வந்தது.

ஜாவாவில் எழுதப்பட்ட திரைகள் அப்படியே இருக்கும், பின்னால் இருக்கும் தரவுத்தளம் மட்டும் மாறும், ஆட்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முதல் கூட்டத்தில் இப்படித்தான் பேசப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் அதில் பிழை இல்லை. இரண்டு தரவுத்தளங்களும் ஒரே குடும்பம். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், 1970இல் ஒரு கட்டுரையில் தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றுக்கு இடையிலான உறவுகளாகவும் பார்க்கும் கோட்பாட்டை முன்வைத்தார். அதே ஆய்வகத்தில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு கேள்வி மொழி உருவாக்கினார்கள். இன்று நாம் எஸ்.கியூ.எல் என்பது அதன் வாரிசு. ஐபிஎம் தன் ஆய்வுகளை வெளிப்படையாகப் பதிப்பித்தது. அதைப் படித்தவர்களில் ஒரு கூட்டம் 1977இல் நிறுவனம் தொடங்கி 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலில் இங்கிரெஸையும் பிறகு 1986இல் போஸ்ட்கிரெஸையும் தொடங்கினார். போஸ்ட்கிரெஸ் வெகுகாலம் தனக்கென்று வேறொரு கேள்வி மொழி வைத்திருந்தது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் 1994, 95 வாக்கில்தான் அதற்குள் எஸ்.கியூ.எல்லைக் கொண்டுவந்தார்கள்.

ஆக, ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்கலாம். இரண்டும் பதில் சொல்லும். பதில் ஒன்றாக இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

ஆலையில் இதை முதலில் புரிந்துகொண்டவர் கணக்குப் பிரிவுத் தலைவர். ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேரேடு கையால் எழுதிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் தானே கற்றுக்கொண்டவர். நாங்கள் போய் உட்கார்ந்த முதல் நாளே சொன்னார்: “அம்மிணி, நீங்க உள்ளுக்குள்ள என்ன வேணா பண்ணுங்க. பழசுல ஒரு பக்கம், புதுசுல ஒரு பக்கம் எடுத்து வெச்சா பைசா சுத்தமா ஒண்ணா வரோணும். வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.” சரிங்கய்யா என்றேன். அந்த வேலைக்கு அதைவிடச் சரியான வரையறையை எந்த ஒப்பந்த ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை.

அட்டவணைகளை மாற்றுவது எளிய பகுதி. பிரான்ஸைச் சேர்ந்த ஜில் தரோல் பெர்ல் மொழியில் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் ஓரா2பிஜி என்ற கருவி அதற்கு இருக்கிறது. பழைய தரவுத்தளத்தைத் துருவிப் பார்த்து, எத்தனை அட்டவணை, எத்தனை நிரல், எது தானாக மாறும், எதை ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும், அதற்கு எத்தனை ஆள்நாள் பிடிக்கும் என்று அறிக்கையே கொடுத்துவிடும். இப்படி ஒரு கருவியை ஒரு மனிதர் ஆண்டுக்கணக்காகப் பேணி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நிரல்களைத் தொகுத்து வைக்கும் ஆரக்கிளின் பேக்கேஜ்களுக்குப் போஸ்ட்கிரெஸில் நேர் இணை இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்கீமாவாகப் பிரித்தோம். மாதக் கடைசியில் துறை துறையாகக் கணக்கை முடித்து, ஒவ்வொரு துறைக்கும் பிறகு கமிட் செய்யும், அதாவது அதுவரையிலான மாற்றங்களை நிலைப்படுத்தும் நிரல் ஒன்று இருந்தது. நிரலுக்கு நடுவே கமிட் செய்யும் வசதி போஸ்ட்கிரெஸுக்கு வந்தது 11ஆம் பதிப்பில்; அது 2018 அக்டோபரில் வெளியானது. நாங்கள் இறங்கிய நேரம் நல்ல நேரம்.

பஞ்சுக் கணக்கில்தான் முதல் முரண் தென்பட்டது. ஆரக்கிளில் எண் என்றால் ஒரே வகை. தசமம் இல்லாத எண்ணைத் தசமம் இல்லாத எண்ணால் வகுத்தாலும் விடை தசமத்தோடு வரும். போஸ்ட்கிரெஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண், பின்னம் வெட்டப்படும். கேண்டி விலை எப்போதும் முழு ரூபாயில் இருப்பதால் அந்த நெடுவரிசை பழைய தரவுத்தளத்திலேயே தசம இடம் இல்லாமல் வரையறுக்கப்பட்டிருந்தது. கருவி அதை முழு எண் வகையாக மாற்றியது. அதன் விதிப்படி அது சரிதான். கேண்டி 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 356ஆல் வகுத்தால் கிலோவுக்கு 126 ரூபாய் 40 பைசாச் சொச்சம். புதிய தரவுத்தளம் 126 ரூபாய் என்றது. நூறு பேல் ஏற்றிய ஒரு லாரி 17,000 கிலோ. அந்த நாற்பது பைசாச் சொச்சம் லாரிக்கு 6,876 ரூபாயாகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. திரை அமைதியாக ஒரு தொகையைக் காட்டியது. பார்த்தால் நம்பும்படியான தொகை.

கணக்குத் தலைவர் அதை நிரலைப் பார்க்காமலேயே கண்டுபிடித்தார். புதிய பக்கத்தில் வந்த தொகைகள் எல்லாம் குறைவாகவே இருக்கின்றன, ஒன்றுகூட அதிகமாக இல்லை என்பதை விரல் வைத்துக் காட்டினார். தவறுகள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தால் அது கவனக்குறைவு; ஒரே பக்கம் சாய்ந்தால் அது விதி என்பது அவருடைய அனுபவம். அன்றைக்கே பணமும் எடையும் விலையும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகைதான் என்று முடிவு செய்தோம். டபுள் பிரிசிஷன் என்ற வேகமான வகை ஒன்று இருக்கிறது. அதில் சரிபாதியாக வரும் எண்ணை முழுமையாக்கும்போது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 5,000 ரூபாய்க்கு 8.33 விழுக்காடு ஓய்வூதியப் பங்கு என்றால் 416 ரூபாய் 50 பைசா, அந்த 416.5ஐ நியூமெரிக் 417 ஆக்கும், டபுள் பிரிசிஷன் 416 ஆக்கும். வைப்பு நிதிக் கணக்கில் ஒரு தொழிலாளிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அது அவருடைய ரூபாய்.

இன்னொரு வேறுபாடு வருகைப் பதிவில் இருந்தது. டைம் ஆபீஸ் நிரல், ஒருவருடைய வருகையை முதலில் புதிய வரியாகச் சேர்க்கப் பார்க்கும். ஏற்கெனவே இருக்கிறது என்று தரவுத்தளம் மறுத்தால் அந்த மறுப்பைப் பிடித்துக்கொண்டு, இருக்கும் வரியைத் திருத்தும். ஆரக்கிளில் தோற்றுப்போன கூற்று மட்டும் ரத்தாகும், மற்றவை நிற்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு கூற்று தோற்றால் அந்தப் பரிவர்த்தனை முழுவதும் முடங்கிவிடும். பின்வாங்கினாலொழிய அடுத்த கூற்றை ஏற்காது. ஒரு ஷிப்டின் வருகை முழுவதும் ஒரே பரிவர்த்தனையாகப் போவதால், இரண்டு முறை பஞ்ச் செய்த ஒருவரால் மொத்த ஷிப்டும் நின்றது. சேர், இருந்தால் திருத்து என்று ஒரே கூற்றில் சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸில் இருப்பதால் தீர்வு எளிதாக இருந்தது. எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்தும் இருந்தது. தவறு நடந்த பிறகு தொடர்ந்து நடக்காமல், நின்று கேட்கும் தரவுத்தளம் அது. அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளைக்கூட ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்துப் பின்வாங்கலாம் என்பது எங்கள் ஒத்திகைகளுக்குப் பெரிய துணை.

இவையெல்லாம் எண்களின் சங்கதி. என்னை மாற்றியது எண்கள் அல்ல.

ஆரக்கிள், எழுத்து நெடுவரிசையில் வெறுமையாக ஒன்றை வைத்தால் அதை ‘நல்’ என்றே கொள்ளும். எழுத்து எதுவும் இல்லாத சரமும், மதிப்பே இல்லை என்ற நிலையும் அதற்கு ஒன்றுதான். எதிர்காலத்தில் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன, ஆனாலும் இப்படித்தான் தொடர்கிறது. எஸ்.கியூ.எல் தரநிலையின்படியும் போஸ்ட்கிரெஸின்படியும் அவை இரண்டும் வெவ்வேறு. இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. ஆலையில் அது யார் யாரைத் தொட்டது என்பதைச் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டில் அச்சாகும் பெயர், இனிஷியல் நெடுவரிசையையும் பெயர் நெடுவரிசையையும் ஒட்டி உருவாவது. ஆரக்கிளில் ‘நல்’லோடு ஒரு சொல்லை ஒட்டினால் அந்தச் சொல் மிஞ்சும். போஸ்ட்கிரெஸில் ‘நல்’லோடு எதை ஒட்டினாலும் விடை ‘நல்’தான். முதல் ஒத்திகையில் சம்பளச் சீட்டுகளை அச்சிட்டோம். பெரும்பாலானவை ஒழுங்காக இருந்தன. ஒரு கட்டுச் சீட்டுகளில் மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. சம்பளத் தொகை, வேலை செய்த நாள், பிடித்தம் எல்லாம் சரி. பெயர் மட்டும் இல்லை.

டைம் ஆபீஸில் பல வருடமாக இருக்கும் அக்கா அந்தக் கட்டை வாங்கி டோக்கன் எண்களைப் பார்த்தார். “கண்ணு, இது பூராவும் ஒடிசாப் பசங்க” என்றார். உண்மைதான். தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைப்பது நம் வழக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலை விடுதியில் தங்கி வேலை செய்பவர்களுக்கு அது கிடையாது. அவர்களுடைய இனிஷியல் கட்டம் எப்போதும் காலி. பழைய தரவுத்தளம் அந்தக் காலியைப் பொருட்படுத்தாமல் விட்டதால், நிரலை எழுதியவர் நம் ஊர்ப் பெயர்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருந்தார் என்பது இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து இதன் மறுபக்கம் வந்தது. சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்கு எண் தராத புதிய ஆட்களுக்குக் கவரில் ரொக்கம். ரொக்கப் பட்டியலை எடுக்கும் நிரல், கணக்கு எண் ‘நல்’லாக இருப்பவர்களைத் தேடும். பழைய தரவு ‘நல்’லாகவே இடம் மாறியிருந்ததால் அவர்கள் பட்டியலில் வந்தார்கள். ஆனால் புதிய தரவுத்தளத்தில் புதிதாகப் பதிவு செய்யப்பட்டவர்களுக்கு, திரையிலிருந்து வெறும் சரம் வந்து வெறும் சரமாகவே உட்கார்ந்தது. அது ‘நல்’ இல்லை. வங்கிக்கு அனுப்பும் பட்டியலில் எண் இல்லாததால் அவர்கள் இல்லை. ரொக்கப் பட்டியலிலும் இல்லை. ஒத்திகைக்காகச் சேர்த்த ஆட்களில் மூன்று பேர் இரண்டு பட்டியலிலும் விடுபட்டிருந்தார்கள். மொத்தத் தொகையை ஒப்பிட்டபோது கணக்குத் தலைவரின் பேனா அந்த இடத்தில் நின்றது.

அன்று மாலை கோவைக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு எட்கர் காட் நினைவுக்கு வந்தார். 1990இல் எழுதிய நூலில் அவர், இல்லாத மதிப்பு இரண்டு வகை என்று பிரித்தார். இருந்தாக வேண்டும், நமக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது ஒன்று. இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார். எஸ்.கியூ.எல் அதை ஏற்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘நல்’. கல்லூரியில் இதைப் படித்தபோது தத்துவச் சர்ச்சையாகத் தோன்றியது. பல்லடத்தில் அது கையில் தட்டுப்பட்டது. ஒடிசாத் தொழிலாளிக்கு இனிஷியல் பொருந்தாது. நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கு வங்கிக் கணக்கு எண் இருக்கலாம், இன்னும் கொண்டுவந்து தரவில்லை. இரண்டு காலியும் ஒன்றல்ல. தரவுத்தளம் மாற்றும்போது நிரம்பியிருக்கும் கட்டங்கள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும். தொகையைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காலிக் கட்டங்களுக்குப் பேச ஆள் கிடையாது. அவை யாருடைய கட்டங்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள், வெளியூர்க்காரர்கள், காகிதம் குறைவாக வைத்திருப்பவர்கள்.

அதன் பிறகு எங்கள் வேலை முறையையே மாற்றினோம். அட்டவணை அட்டவணையாகப் போய், எந்த நெடுவரிசையில் எத்தனை காலி, யாருக்குக் காலி, ஏன் காலி என்று ஒரு பட்டியல் தயாரித்து, அக்காவையும் கணக்குத் தலைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டோம். தகப்பன் பெயர், கணவர் பெயர், ஊர், வாரிசுதாரர், ஈ.எஸ்.ஐ எண். சில காலிகளுக்கு அக்கா சொன்ன காரணங்கள் எந்த ஆவணத்திலும் இல்லாதவை. வாரிசுதாரர் கட்டம் காலியாக இருந்த ஒரு வயதான பெண்ணைப் பற்றி, அது மறதி இல்லை, எழுத அவருக்கு ஒருவரும் இல்லை என்றார். வெறும் சரம் எங்கிருந்து வந்தாலும் உள்ளே நுழையும்போதே ‘நல்’லாக மாற்றும் விதியைத் தரவுத்தளத்திலேயே வைத்தோம். பெயரை ஒட்டும் இடங்கள் அத்தனையும், இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை மட்டும் சேர்க்கும்படி திருத்தி எழுதப்பட்டன. ஒரு பொறியாளராக நான் செய்த வேலைகளில் எனக்கு அதிக நிறைவு தந்தது அந்தப் பட்டியல்தான்.

பெயர்களின் சங்கதி அதோடு முடியவில்லை. தமிழ்ப் பெயர்கள் வேறொரு சிக்கலில் இருந்தன.

ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் யூனிகோட் தமிழ் நம் பக்கம் புழக்கத்துக்கு வரவில்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று பல இருந்தன: பாமினி, திஸ்கி, டாப், டாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் இரண்டையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010இல்தான் யூனிகோட் அரசுத் தரமானது. ஆலையின் தமிழ்ப் பெயர்கள் அப்படிப்பட்ட எட்டு பிட் எழுத்துரு ஒன்றில் பதிவாகியிருந்தன. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அவை தமிழே இல்லை. அது அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்துருவைக் கொண்டு பார்த்தால் மட்டும் தமிழாகத் தெரியும்.

எனவே பெயர்களைக் கருவியிடம் விட முடியாது. மேற்கு ஐரோப்பிய எழுத்தென்று நம்பி அது யூனிகோடுக்கு மாற்றினால் கிறுக்கல்தான் மிஞ்சும். பைட்டுகளை மாற்றமே இல்லாமல் வெளியே எடுத்து, தனியாக ஒரு மாற்றி எழுதினோம். பழைய எழுத்துருவில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ஒலி வரிசை: ககரம் முதலில், கொம்பு பின்னால். இதைத் திருப்பிப் போடுவது எளிது. ஔகாரம்தான் உயிரை எடுத்தது. அந்த எழுத்துருவில் ஔகாரக் குறிக்கென்று தனி வடிவம் இல்லை. தட்டச்சு செய்தவர்கள் ளகரத்தையே போட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அப்படியே மாற்றினால் கௌசல்யா ‘கெளசல்யா’ ஆகிவிடுவார், தேடினால் கிடைக்கமாட்டார். கொம்பு, மெய், ளகரம் என்று வந்தால் ஔகாரம் என்று விதி வைத்தால், வெள்ளியங்கிரி உடைந்துபோவார். மேற்கே மலையையே அந்தப் பெயரில் வைத்திருக்கும் வட்டாரத்தில் எத்தனை வெள்ளியங்கிரிகள் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யான ளகரம், இல்லாவிட்டால் ஔகாரம் என்ற விதி இருவரையும் காப்பாற்றியது. மிச்சம் இருந்த சந்தேகப் பெயர்களை அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தோம். மதிய உணவு இடைவேளைகளில் அவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார். ஆதாரில் எப்படி, ரேஷன் கார்டில் எப்படி, இவர் கையெழுத்துப் போடும்போது எப்படி என்று மூன்றையும் பார்த்து, கையெழுத்தில் இருப்பதையே எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

நீளமும் பார்க்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருவில் ‘கு’ ஒரே பைட். யூனிகோடில் ககரமும் உகரக் குறியும் என்று இரண்டு குறியெண்கள், ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். நல்லவேளையாக, போஸ்ட்கிரெஸ் நீளத்தை பைட்டில் அளக்காமல் குறியெண்ணில் அளக்கிறது. இருந்தாலும் பெயர் நெடுவரிசையை அகலப்படுத்தினோம். ஒருவருடைய பெயரின் வாலை வெட்டும் உரிமை அட்டவணைக்கு இல்லை.

அகர வரிசையும் அப்போதுதான் சரியானது. வெறும் குறியெண் வரிசையில் அடுக்கினால் யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடும், றகரம் ரகரத்தை அடுத்து வரும். நம் வரிசை அதுவல்ல. போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ நூலகத்தின் அடுக்கு முறைகள் கிடைக்கின்றன, தமிழுக்கும் உண்டு. வருகைப் பதிவேட்டின் பெயர்கள் பள்ளியில் படித்த வரிசையில் அச்சாகி வந்தபோது அக்கா இரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத்தன வருசமா இது தாறுமாறாத்தான் கெடந்துச்சா?” என்று கேட்டார். பழைய வரிசை பைட் எண்ணின் வரிசை. எந்தப் பெயர் எங்கே இருக்கும் என்று அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். அந்த மனப்பாடம் இனி தேவைப்படாது என்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். அவருக்குப் பின் வருபவருக்கு வேலை எளிது என்றார்.

மார்கழி முழுக்க இரண்டு தரவுத்தளங்களும் அருகருகே ஓடின. ஒவ்வொரு லாரியும், ஒவ்வொரு சிப்பம் நூலும், ஒவ்வொரு ஷிப்டும் இரண்டிலும் பதிவானது. டைம் ஆபீஸுக்கும் கணக்குப் பிரிவுக்கும் அது இரட்டை வேலை; முகம் சுளிக்காமல் செய்தார்கள். இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டுவதால் வேலை நேரத்தைக் கழிக்கும் கணக்கில் சிறிய திருத்தம் தேவைப்பட்டது. ஆரக்கிளில் இரண்டு நேரங்களைக் கழித்தால் நாள்களின் எண்ணிக்கை பின்னமாகக் கிடைக்கும், போஸ்ட்கிரெஸில் கால இடைவெளி என்ற தனி வகை கிடைக்கும். மற்றபடி மாத நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தன.

புதிய தரவுத்தளத்துக்கு மாறும் நாளாகப் பொங்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்கு முன்னால் போனஸ் கணக்கு, மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு. பொங்கலுக்குத்தான் இயந்திரங்கள் நிற்கும், ஆட்கள் ஊருக்குப் போவார்கள், டிசம்பர் சம்பளமும் கொடுத்து முடிந்திருக்கும். போகி அன்று கடைசி ஷிப்ட் முடிந்ததும் பழைய தரவுத்தளத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டினோம். மாற்றத்தின் முழு ஓட்டமும் பல முறை ஒத்திகை பார்த்ததுதான், பொங்கல் காலைக்குள் முடிந்தது. கணக்குத் தலைவர் வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு வேட்டியோடு ஆலைக்கு வந்தார். பேல் இருப்பு, கழிவுப் பஞ்சு இருப்பு, நூல் இருப்பு, ஆட்கள் எண்ணிக்கை, வைப்பு நிதிக் கூட்டுத்தொகை, கொடுக்க வேண்டியவர்கள், வாங்க வேண்டியவர்கள் என்று பழையதில் ஒரு பக்கம், புதியதில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்தோம். ஸ்கேல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். பிறகு, நாங்கள் கேட்காததை அவராகவே கேட்டார்: காலிக் கட்டங்களின் பட்டியலையும் இரண்டு பக்கமாக எடுக்கச் சொன்னார். அதுவும் ஒத்துப்போனது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியோடு கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தார்.

ஜனவரிச் சம்பளம் புதிய தரவுத்தளத்திலிருந்து போனது. சீட்டுகளைக் கொடுக்கும்போது அக்கா கவனித்திருக்கிறார்: ஒடிசாத் தொழிலாளர்களின் பெயர் இப்போது முழுமையாக வருகிறது, ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான். அவர்களில் பலருக்கு இரண்டும் படிக்க வராது; டோக்கன் எண்ணைப் பார்த்துத்தான் தம் சீட்டை அடையாளம் காண்கிறார்கள். யூடிஎஃப்-8 தரவுத்தளத்தில் ஒடியா எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே அட்டவணையில் இருக்கலாம் என்பதை அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். “அப்ப அவுங்க எழுத்துலயும் போட்டுருலாமே கண்ணு” என்றார். பெயருக்கு இன்னொரு நெடுவரிசை சேர்த்தோம். தட்டச்சு செய்ய ஆள் வேண்டியிருந்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை செய்த, பாலேஸ்வர் மாவட்டத்திலிருந்து வந்த பன்னிரண்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் தானே முன்வந்தான். அவனுக்கு ஒடியா இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையை நிறுவிக் கொடுத்தேன். முதல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்து டைம் ஆபீஸில் உட்கார்ந்து, விடுதியில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கி வந்த தாளைப் பார்த்துப் பெயர்களைப் பதிவு செய்தான். அந்த நேரத்துக்கு அவனுக்கு ஓவர்டைம் போட வேண்டும் என்று கணக்குத் தலைவர் நிர்வாகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.